விட்டுப்போன கண்ணி

"பாஸ்டர், இன்னைக்காவது அந்தம்மாகிட்ட கண்டிச்சுச் சொல்லிடுங்க. இது சர்ச்சா, இல்ல தையல் கடையா?"

ஆராதனை முடிந்து அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்த போதகர், சபைச் செயலாளரைப் பார்த்துத் தலையாட்டினார்.

அவருக்கு மட்டும் எரிச்சல் இல்லையா என்ன? இந்தச் சபைக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறார். மூன்றாவது வரிசை ஓரத்து அம்மா, பாட்டு என்றால் ஒழுங்காக எழுந்து நிற்பார். ஜெபத்துக்குக் கண்ணை மூடுவார். இவர் பிரசங்கத்தை ஆரம்பித்ததுமே பையிலிருந்து ஊசியும் கம்பளி நூலும் வெளியே வந்துவிடும். 'பின்னல் அக்கா' என்று பேரே விழுந்துவிட்டது.

இன்றைக்குத்தான் ரொம்ப வலித்தது. யாரிடமும் சொல்லாத தன் தம்பி கதையை மேடையில் சொல்லியிருந்தார். சண்டை போட்டுப் பிரிந்த தம்பி. சொல்லும்போதே குரல் உடைந்தது. நிமிர்ந்து பார்த்தால், பாதிப் பேர் கொட்டாவி. மீதிப் பேர் வாசலைப் பார்க்கிறார்கள். அக்காவோ நூலுக்குள் மூழ்கிக் கிடந்தார்.

'யாருக்காகத்தான் மாய்ந்து மாய்ந்து பேசறோம்?' மனசு விட்டுப்போயிற்று.

சாயங்காலம் அக்காவின் வீட்டுக்கே போனார். மாடிப்படி ஏறும்போதே சொல்ல வேண்டியதைக் கோர்த்துக்கொண்டார். கதவு ஒருக்களித்திருந்தது. தட்டப் போன கை அப்படியே நின்றது.

உள்ளே அவருடைய பிரசங்கம் ஓடிக்கொண்டிருந்தது!

கட்டிலில் ஒரு பக்கம் செயலிழந்து கிடந்தார் அக்காவின் கணவர். பக்கத்தில் அக்கா. மடியில் காலையில் பின்னிய மஃப்ளர். விரலால் வரிசை வரிசையாகத் தடவிக்கொண்டே சொன்னார்.

"இது வரைக்கும் மன்னிப்பைப் பத்திப் பேசினாருங்க. இதோ, இங்கேர்ந்து அவர் தம்பி கதை. இந்த இடத்துல பாருங்க, ஒரு கண்ணி விட்டுப்போச்சு. பாஸ்டருக்குக் குரல் உடைஞ்சுது. எனக்கும் கை நடுங்கிடுச்சு."

"அப்புறம்? தம்பி... வந்தானா?" கணவரின் நாக்கு குழறியது.

போதகர் தன்னையறியாமல் கதவில் சாய, அது கிறீச்சிட்டது.

அக்கா பதறி எழுந்தார். "ஐயோ, பாஸ்டர்! வாங்க, வாங்க. பின்னறதைப் பத்திக் கேக்கத்தானே வந்தீங்க? தப்புதான். பக்கத்து வீட்டுப் பொண்ணைப் பாத்துக்கச் சொல்லிட்டுத்தான் வர்றேன். ஆனாலும் கை சும்மா இருந்தா மனசு இங்கே ஓடியாந்துடுது. இவர் விழுந்துட்டாரோ, தண்ணி கேட்டாரோன்னு. கை ஓடினாத்தான் காது கேக்குது. ஒரு வார்த்தை விட்டாலும் இவர் கண்டுபிடிச்சுடுவார். நாலு நாள் இதையேதான் பேசிட்டிருப்போம்."

காலையிலிருந்து போதகரின் நெஞ்சில் கிடந்த பாரம் மெல்லக் கரைந்து இறங்கியது.

"கண்டிக்கத்தானே வந்தீங்க, பாஸ்டர்?"

"இல்லம்மா." நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பிரசங்கம் கேக்க வந்தேன். விட்ட இடத்துலேர்ந்து சொல்லுங்க."