பி.காமில் ஒரே சீட்டு

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் இறங்கவில்லை. கிருஷ்ணகிரி கல்லூரியின் கலந்தாய்வு அறை. பலகையில் பி.காமுக்கு நேரே இருந்த இரண்டை அழித்து ஒன்று என்று எழுதுகிறார்கள். மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற என் மகள் அனுப்ரியாவின் மார்க் அறுநூற்றுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு. "ஒரிஜினல் டி.சி எங்கம்மா?" என்கிறார் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மேடம். அது குருபரப்பள்ளியில், கம்பெனியின் உற்பத்தி லைனுக்கு ஆள் பிடிக்கிற வெங்கட்டிடம் இருக்கிறது. இந்த மார்க்குக்கு எவன் சீட்டு கொடுப்பான் என்று நானேதான் கொண்டுபோய்க் கொடுத்தேன். போன் போடுகிறேன். "திங்கக்கெழம லைன்ல நிக்கப்போற பொண்ணுக்கு டி.சி எதுக்குண்ணா?" என்கிறான். காலேஜ் என்றதும் சிரிக்கிறான். "முந்நூத்திச் சொச்சத்துக்கா? கேண்டீன்ல வேணா சேத்துக்குவாங்க." அது அறைக்கே கேட்கிறது. அனுப்ரியா திரும்பவில்லை, பலகையையே பார்க்கிறாள். அவள் காது மட்டும் சிவக்கிறது. வாசலில் அடுத்த பெண்ணும் அவள் அம்மாவும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயாராக நிற்கிறார்கள். "வருமா வராதா, சொல்லுங்க," என்கிறார் மேடம். "வெங்கட்டு, எம்பொண்ணு லைனுக்கு வரமாட்டா. டி.சிய எடுத்து வை, நான் இப்பவே பஸ் ஏறுறேன்," என்கிறேன். சிரிப்பு நிற்கிறது. பிறகு, "வாங்க," என்கிறான். மேடம் அனுப்ரியாவின் பெயரைப் பென்சிலால் எழுதுகிறார். "நாலு மணி வரைக்கும்தான்." நான் வருகிற வரைக்கும் எழுந்திரிக்காதே என்று சொல்ல வாயெடுக்கிறேன். அவள் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.