காலடியில் இல்லாத மணி

சந்தைத் திடலை விற்கும் மசோதாவை எதிர்த்து அந்தப் புது உறுப்பினர் சட்டசபையில் தன் முதல் பேச்சைப் பேசிக்கொண்டிருக்கிறார். போன வருடம் வரை வங்கி மேலாளராக இருந்தவர். பாதிப் பேச்சில் ஆளுங்கட்சி வரிசை எழுந்து, கத்திக்கொண்டே வந்து அவர் மேசையைச் சூழ்கிறது. உயரமான சன்னலிலிருந்து காகிதத்தின்மேல் விழுந்த வெயில் மறைகிறது. தண்ணீர் டம்ளர் அதிர்கிறது. அவர் குரலில் நடுக்கமில்லை. வலது கால் மட்டும் செருப்பை விட்டு வெளியே வந்து மேசைக்கடியில் எதையோ துழாவுகிறது.

"என்னம்மா தேடுறீங்க?" பக்கத்து இருக்கைப் பெரியவர் குனிந்து கேட்கிறார்.

"அலாரம் மணிங்கய்யா. பேங்க்ல திருடன் புகுந்தா காலாலேயே அழுத்துவோம். பழக்கதோஷம்."

"இங்க அழுத்தினா யாரும்மா வருவா?"

"அதுவும் சரிதான்." சிரித்தபடி செருப்பை மாட்டிக்கொள்கிறார். மைக்கை அருகே இழுத்து, சம்பள நாள் கூட்டத்தை வருடக்கணக்கில் சமாளித்த அதே குரலில் சொல்கிறார்: "எல்லாரையும் கவனிக்கிறேன். இடிக்காம ஒவ்வொருத்தரா வாங்க."

முன்னால் நின்று கத்தியவர் ஆதரவுக்குத் திரும்பிப் பார்க்கிறார். அவருக்குப் பின்னால் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நிற்கிறார்கள்.