நடு சீட்

பதினான்காவது வரிசையில் எனக்கு விழுந்தது நடு சீட்.

ஜன்னலோரம் ஒரு பெண். நடைவழியோரம் ஒரு ஆள், சட்டைப் பையில் லிஃப்ட் கம்பெனி முத்திரை. நான் வருவதைப் பார்த்ததும் இரண்டு முகமும் ஒன்றுபோல வாடின. கணவன் மனைவி என்று அந்த வாட்டத்திலேயே தெரிந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஒருத்தர் ஜன்னலையும் ஒருத்தர் நடைவழியையும் எடுத்துக்கொண்டால் நடுவில் எவனும் வரமாட்டான், மூன்று சீட்டும் நமக்கே. இந்தத் தந்திரத்தை ஊருக்கெல்லாம் ஓதியவனே நான்தான். தன் வினை தன்னைச் சுடும் என்பது இதுதான் போலிருக்கிறது.

அலுவலகத்தில் எனக்கு ‘ஏர்போர்ட்’ என்று பட்டப்பெயர். யார் எங்கே பறப்பதென்றாலும் முதலில் என் மேஜைக்குத்தான் வருவார்கள். எந்தக் கிழமை டிக்கெட் மலிவு, காலி பாட்டிலை உள்ளே கொண்டுபோய் எங்கே தண்ணீர் பிடிப்பது, பெட்டி எடை தாண்டினால் எதை உருவி உடம்பில் மாட்டிக்கொள்வது, எல்லாம் எனக்கு அத்துப்படி. இப்போதும் இரண்டு சட்டை, மேலே ஒரு ஜாக்கெட். கழுத்தெல்லாம் வியர்த்துக் கொட்டியது.

இப்பேர்ப்பட்ட நான் இந்த முறை போகும் விமானத்துக்கு நல்ல சீட் எடுக்கவே மறந்துவிட்டேன். வாரம் முழுக்க மன்னிப்பு கேட்டுப் பழகிக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதமாக என் மனைவி அவள் அப்பா வீட்டில் இருக்கிறாள். அத்தை, அதாவது அவள் அம்மா, இறந்தபோது இருவரும் சேர்ந்துதான் போனோம். எல்லாம் முடிந்து நான் மட்டும் திரும்பினேன். அப்பாவுக்குத் துணையாகப் பத்து நாள் இருக்கிறேன் என்றாள். பத்து இருபதாகி, இருபது நாற்பதாகி, போனில் பேச்சும் குறைந்துபோனது. கூட்டிப்போக வரட்டுமா என்று போன வாரம் கேட்டதற்கு ஒன்றுதான் சொன்னாள்.

“எது எனக்கு வலிச்சுதுன்னு தெரிஞ்சா வாங்க. தெரியாம வந்து சும்மா மன்னிப்பு கேக்காதீங்க.”

எனக்கு எங்கே தெரிகிறது? கல்யாண நாளை மறந்ததா? அவள் அண்ணனின் தொப்பையைக் கிண்டல் செய்ததா? பட்டியலே போட்டுப் பார்த்துவிட்டேன், ஒன்றும் பிடிபடவில்லை. ஆனாலும் டிக்கெட் எடுத்தேன். போக ஒன்று, வர இரண்டு. ரத்து செய்தால் காசு திரும்பாத ரகம், அதுதான் மலிவு. அவள் வராவிட்டால் டிக்கெட்டும் போச்சு, நானும் போச்சு.

கதவைச் சாத்தப்போவதாக அறிவித்தார்கள். ஜன்னலோரப் பெண் முன்சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் வெளுத்துவிட்டது.

லிஃப்ட்காரர் என் பக்கம் குனிந்தார்.

“சார், கொஞ்சம் மாறிக்கிறீங்களா? நான் லிஃப்ட் ரிப்பேர் பாக்குறவன். இவ என்னடான்னா எட்டு மாடின்னாலும் படியேறித்தான் வருவா. மேல போறதுன்னாலே அவ்ளோ பயம்.”

அத்தனை பயத்திலும் அவள் அவரை ஒரு முறை முறைத்தாள்.

கரும்பு தின்னக் கூலியா? சட்டென்று எழுந்து நடைவழி சீட்டில் உட்கார்ந்து காலை நீட்டினேன். அவர் தன் நீளமான காலை மடக்கித் திணித்துக்கொண்டு, விமானத்திலேயே மட்டமான சீட்டில் உட்கார்ந்தார். அவள் முன்சீட்டை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சார், கொஞ்சம் மாறிக்கிறீங்களா? இதே வார்த்தைகளை ஏற்கெனவே ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார்.

அத்தை இறந்த அன்று போன விமானம். அந்த அவசரத்திலும் நான் தந்திரத்தை மறக்கவில்லை. அவளுக்கு ஜன்னல், எனக்கு நடைவழி. நடுவில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, சத்தம் வராமல் அழுதுகொண்டே வந்தாள். கைக்குட்டை எடுத்துக் கொடுத்தது அந்த மனிதர்தான். கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து இதையேதான் கேட்டார்.

பரவாயில்லை சார், எனக்கு இங்கேதான் கால் நீட்ட வசதி என்றேன்.

அடப்பாவி! அம்மாவைப் பறிகொடுத்தவள் இரண்டு மணி நேரம் யாரோ ஒருவர் பக்கத்தில் அழுதிருக்கிறாள். நான் கால் நீட்டியிருக்கிறேன்.

நீட்டிய காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டேன்.

விமானம் பின்னால் நகரத் தொடங்கியது. போனை அணைக்கச் சொல்லிக்கொண்டே பணிப்பெண் ஒவ்வொரு வரிசையாக வந்தாள். நான் அவசர அவசரமாகத் திரும்பி வரும் டிக்கெட்டைத் திறந்தேன். அவளுக்கு ஜன்னல், எனக்கு நடைவழி. வழக்கம்போல.

எடுத்த சீட்டை மாற்றினால் தனிக் கட்டணம் என்றது. கட்டினேன். நடைவழியை விட்டுவிட்டு, மேலே காசும் கொடுத்து நடு சீட் வாங்கியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அலுவலகத்தில் தெரிந்தால் பட்டத்தைப் பிடுங்கிவிடுவார்கள்.

ஜன்னலில் அவள் பெயர், ஒட்டினாற்போல என் பெயர். அந்தப் படத்தை அப்படியே அவளுக்கு அனுப்பினேன். வாரம் முழுக்கப் பழகிய மன்னிப்பில் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

பார்த்துவிட்டாள் என்று காட்டியது. வேறொன்றும் வரவில்லை. பணிப்பெண் என் தலைக்கு மேல் வந்து நின்றுவிட்டாள். ஒரே ஒரு நிமிடம் என்று கையைக் காட்டிக் கெஞ்சினேன்.

பதில் வந்தது.

“பெட்டி எத்தனை கிலோ கொண்டு வரலாம்?”