இளையவளின் விளக்கு

சத்யபிரியாவின் போர்டில் சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. ஒரு விநாடி எரிந்து, ஒரு விநாடி அணைந்து, மறுபடியும் எரிந்தது.

பக்கத்து நாற்காலியிலிருந்து சௌந்திரம் அதை முறைத்துப் பார்த்தாள். அதே பாடம், அதே எட்டு வரிகள். எழுத்து எழுத்தாகப் பார்த்து அடித்து, ஏற்றும் பொத்தானையும் அழுத்திவிட்டாள். வேலை முடிந்ததென்று திரைகூடச் சொல்லிவிட்டது. ஆனால் அவள் முன்னால் இருந்த போர்டு மட்டும் கம்மென்று கிடந்தது.

நாமக்கல்லில் கோழிப்பண்ணைப் பெண்களுக்கு நடந்த பயிற்சி அது. வெயில் ஏறினால் ஷெட்டில் மின்விசிறி தானாக ஓட வேண்டும். அதற்கு உள்ளங்கையளவு மின்சுற்றுப் போர்டு ஒன்றுக்கு, லேப்டாப்பில் உத்தரவு எழுதி ஒயர் வழியாக ஏற்ற வேண்டும். முதல் பாடம், விளக்கைச் சிமிட்ட வைப்பது.

மாமனார் மருதாசலம் மருமகள்கள் இருவரையும் அனுப்பும்போதே சொல்லிவிட்டார். “நாலு மணிக்கு வாரேன். யாரு வெளக்கு எரியுதோ, அவங்க கையில புது ஷெட்டுச் சாவி.”

பதினைந்து வருடமாக அந்தப் பண்ணையில் முட்டை பொறுக்கிய மூத்த மருமகள் சௌந்திரம். போன தை மாசம் வந்த இளையவள் சத்யாவின் இடுப்பில் சாவி தொங்குவதா?

இத்தனைக்கும் ஆரம்பத்திலேயே அவள் உஷாராகத்தான் இருந்தாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் பாடம் நடத்தும் பிரின்சி மிஸ் வந்து, பழைய பாடங்களை அழித்துச் சுத்தம் செய்த போர்டுகளை ஆளுக்கொன்றாக அவரவர் லேப்டாப்பில் மாட்டிவிட்டுப் போனார். சத்யாவுக்கு வந்தது பளபளவென்று புதுசு. தனக்கு வந்தது நிறம் மங்கிய பழசு.

மூத்தவளுக்குப் பழசா? ஒயரைக்கூடக் கழற்றாமல் இரண்டையும் இடம் மாற்றி, புதுசைத் தன் முன்னால் இழுத்து வைத்துக்கொண்டாள்.

இப்போது பார்த்தால் அந்தப் பழசு இந்த மினுக்கு மினுக்குகிறது!

“ஏனுங்க்கா, இது என்னமோ...” என்று சத்யா தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

“தெரியுது, தெரியுது. எங்கிட்டப் பெரும பேசாத. உன்ற வேலையப் பாரு.”

சத்யா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். விளக்கு தானாகவே எரிந்துவிட்டதுபோல முகத்தில் ஒரு திகைப்பு வேறு. என்ன நடிப்பு!

சௌந்திரம் சிமிட்டும் இடைவெளிக்கு ஆயிரம் என்றிருந்த எண்ணை அழித்து நூறு என்று போட்டு, மறுபடியும் ஏற்றினாள். அவள் போர்டு அசையவில்லை. சத்யாவின் விளக்கு மட்டும் சட்டென்று வேகம் பிடித்துப் படபடவென்று அடித்தது.

எட்டிப் பார்த்துக் காப்பியடிக்கிறாள், கள்ளி!

“எல்லாம் சரியா வருதாக்கா?” என்று கேட்டுக்கொண்டே பிரின்சி மிஸ் அந்தப் பக்கம் வந்தார்.

“அருமையா வருதுங்க மிஸ்” என்று எரியாத போர்டைக் கையால் மறைத்துக்கொண்டாள் சௌந்திரம். சின்னவள் எதிரில் சந்தேகம் கேட்பதைவிடச் சும்மா இருப்பது மேல் என்று இருந்தது அவளுக்கு.

டீ வந்தது. வாசலில் மாமனாரின் மொபெட் சத்தமும் கேட்டது. மணி நாலு. சத்யாவின் விளக்கு இன்னும் படபடத்துக்கொண்டிருந்தது. இன்னும் பத்து எட்டு வைத்தால் அவர் அதைப் பார்த்துவிடுவார்.

சௌந்திரம் டம்ளரை எடுத்தாள். சத்யாவின் பக்கம் கையை நீட்டிச் சாய்த்தாள். சூடான டீ முழுவதும் அந்தப் பழைய போர்டின் மேல் கொட்டியது. விளக்கு ஒரு முறை துடித்து அணைந்தது.

“ஐயோ, கை தவறிப் போச்சே!”

மருதாசலம் வந்து நின்று இரண்டு போர்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டுமே எரியலையா சாமி? செரி, சாவி எங்கிட்டயே இருக்கட்டும்.” சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

எனக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவளுக்கும் இல்லை. சௌந்திரத்துக்கு மதியத்திலிருந்து இப்போதுதான் மூச்சு நிதானமாக வந்தது.

சத்யா சேலைத் தலைப்பால் பழைய போர்டைத் துடைத்தாள். அதிலிருந்து போன ஒயரிலும் டீ வழிந்திருந்தது. துடைத்துக்கொண்டே போன அவள் கை, சௌந்திரத்தின் லேப்டாப்பில் போய் நின்றது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் இன்னும் ஒரு எழுத்துக்கூட அடிக்கலீங்க்கா.”