சிவப்பரிசிக்கு அரை விலை

கல்முனைச் சந்தையில் துணிக்கடை வைத்திருந்த முகைதீன்பாவாவுக்குச் சீனி வருத்தம் முற்றியிருந்தது. டொக்டர் எச்சரித்தும் போன மாதம் வரை பகலில் புரியாணியை விடவில்லை. ஆனால், இந்த மாதம் கிளினிக்கில் சீனி நன்றாக இறங்கியிருந்தது.

"எப்பிடி இறங்கின?" என்று கேட்டாள் மனைவி றம்லா.

"றிப்திர ஹோட்டல்ல சிவப்பரிசிச் சோறும் கீரையும் அரை விலை. நான் விடுவனா? தினமும் அதான்!"

"நான் ஆக்கினா மாட்டுத் தீனின்டு சொல்லுவீங்களே?"

"ஊட்டுல டிஸ்கவுண்ட் இல்லியே!"

மறுநாள் பகல் றிப்தி பதற்றத்தோடு றம்லாவுக்குப் போன் எடுத்தான்.

"ராத்தா, முகைதீன்பாவா காக்கா கூட்டாளிமார் ஏழெட்டுப் பேரைக் கூட்டி வந்திரிக்காரு. எல்லாருக்கும் அரை விலைக்குச் சோறு கேக்காரு. அவருக்கு மட்டுந்தான் அந்த விலை, மிச்சத்த நீங்க தாறீங்கன்டு எப்பிடிச் சொல்ற?"

"சொல்லிராதீங்க தம்பி! வந்திரிக்கிறது ஆரு?"

றிப்தி பெயர்களைச் சொன்னான். எல்லோரும் அவள் சீனி கிளினிக்கில் கண்டவர்கள்தான்.

"சோத்தப் போடுங்க. அவங்கட பொஞ்சாதிமார்ர நம்பர் எல்லாம் என்னட்ட இரிக்கு. நான் கதைக்கன்."