காலை வைக்காதே, பாச்சா

பெட்ரோல் டாங்கி மூடியின் நடுவில் சந்தனத்தை அழுத்தி அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்து, ரமாமணி கண்ணை மூடிக்கொண்டாள். "வரதா, என் பிள்ளை கையும் காலும் முழுசா ஆத்துக்கு வந்து சேரணும்."

"ஜெயிக்கணும்னும் ஒரு வார்த்தை சொல்லேம்மா" என்றான் பாச்சா, மோட்டார் சைக்கிள்மேல் உட்கார்ந்தபடியே.

"அவனுக்குத் தெரியாதாடா? போயிட்டு வா."

அந்த வீட்டில் வண்டியைப் பற்றி ஒரு சொல் எதிர்த்துப் பேசாதவள் அம்மா ஒருத்திதான். வாங்கிய அன்று பட்டணத்து மெக்கானிக் வாசலில் ஒவ்வொரு பாகமாகத் தொட்டுக் காட்டி விளக்கினான். பாச்சா அப்போது புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அழகு பார்த்தான். கதவோரம் நின்று கடைசிவரை கேட்டவள் அவள்தான்.

அப்பா தேசிகன் வக்கீல். அவர் பேச்சே வேறு. "இன்னிக்கும் நடுவுல நின்னுதோ, வண்டி வாலாஜாபாத் கைலாசத்துக்கு. ரைஸ் மில்காரன் எத்தனை நாளாக் கேட்டுண்டிருக்கான்!"

தென்னேரிக் கரையில் பட்டணத்து மோட்டார் சங்கத்தார் போட்டி. வேகமாகப் போகச் செய்த வண்டியை வாங்கி, அதை நத்தைபோல ஓட்டுவதற்கு ஒரு போட்டி! பாறைமேல் ஏற வேண்டும், சேற்றில் இறங்க வேண்டும், ஏரிக்கரைச் சரிவில் ஏற வேண்டும். காலைத் தரையில் ஊன்றினால் மார்க்கு போகும். வண்டி நின்றால் ஆட்டமே போகும். வயிறு நிறைந்தவர்களுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

பாச்சா பழகிய லட்சணம் பாலாற்று மணலுக்குத் தெரியும். விழுந்த வண்டியைத் தூக்கி நிறுத்துவதற்கென்றே முசரவாக்கத்திலிருந்து துரைக்கண்ணு வந்தான். உடம்பைத்தான் கூலிக்கு விட்டிருந்தான், வாயை விடவில்லை.

"உங்க நாமத்துக்கே கால் கெடையாது. நீ இன்னாத்துக்கு சாமி சும்மா சும்மா காலை ஊன்ற?" என்பான். பாதமில்லாத நாமம் போடும் வடகலை வீட்டுப் பிள்ளைக்குக் கோபம் வருவதற்குள் சிரிப்பு வந்துவிடும்.

ஓட்டுவது ஒருவழியாக வந்துவிட்டது. எழுந்து நின்று, சக்கரத்தைப் பார்க்காமல் எதிரே பார்த்து, கிளட்சை விட்டும் விடாமலும் பிடிக்கக் கற்றுக்கொண்டான். ஆனால் வண்டி மட்டும் நடுவழியில் பிராணனை விடும். உதைத்து உதைத்துக் கால் வீங்கும். கடைசியில், பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்தால் தளும்பத் தளும்ப இருக்கும். மூடிவிட்டு உதைத்தால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும்.

கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். பிளக்கைச் சுரண்டினான். எஞ்சினைப் பிரித்து மாட்டியதில் இரண்டு திருகு மிஞ்சின. அப்போதும் ஓடியது. அப்போதும் நின்றது.

துரைக்கண்ணு தறிக்காரர் வீட்டுக் கழிவு நூலை வாங்கிவந்து வண்டி முழுக்கத் துடைப்பான். மூடிக்குக் கை வந்ததும் பாச்சா கத்துவான்: "பொட்டை அழிச்சுடாதேடா! அம்மா தினம் வெக்கறது. சுத்தித் துடை."

போட்டியில் பாச்சாவின் முறை வந்தது. பாறையில் ஏறினான். கால் ஊன்றவில்லை. சேற்றில் இறங்கினான். அங்கும் ஊன்றவில்லை. மார்க்குப் போட வந்த வெள்ளைக்காரத் துரை வாயிலிருந்த சுருட்டை எடுத்துவிட்டுப் பார்த்தார்.

"அப்படித்தான் சாமி! உனக்குக் காலே இல்லன்னு நெனச்சுக்கபா!" என்று கத்திக்கொண்டே துரைக்கண்ணு கரையோரம் கூட ஓடினான்.

கடைசியாக ஏரிக்கரைச் சரிவு. உச்சிக்கு ஒரு முழம் இருக்கும். வண்டி விக்கியது, இருமியது, அடங்கிப்போனது. பாச்சா காலை ஊன்றினான். கரை வழுக்கியது. வண்டியும் அவனுமாகச் சறுக்கிக்கொண்டு போய்ச் சேற்றில் விழுந்தார்கள். கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தேசிகன் குடையை மடக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

துரைக்கண்ணு வண்டியைத் தூக்கி நிறுத்தி, மூடியைத் திறந்தான். உஸ்ஸென்று சத்தம் வந்தது. "இதுக்கும் நம்மள மாதிரி மூச்சு முட்டுது போல இருக்குது" என்றான். உள்ளே பெட்ரோல் தளும்பியது. மூடிவிட்டு ஓர் உதை. வண்டி படபடவென்று கிளம்பியது. பாச்சா அழுதேவிட்டான்.

மறுநாள் காலையிலேயே கைலாசம் வந்து நின்றார். பாச்சாவுக்குக் கையும் காலும் முழுசாகத்தான் இருந்தன, முகத்தில்தான் உயிரில்லை.

கைலாசம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "எல்லாம் சரிதான் வக்கீல் சார். நடுரோட்டுல நின்னுகினா யாரு தள்றது? மில்லு ஆளுங்களே என்னைப் பாத்து சிரிப்பானுங்க. வேணாம்னுதான் தோணுது."

பாச்சா நிமிர்ந்தான். இவர் வேண்டாமென்றால் வண்டி இங்கேயேதான் இருக்கும். வரதன் கைவிடவில்லை!

அப்போது ரமாமணி ஈரத்துணியோடு உள்ளேயிருந்து வந்தாள். மூடிமேல் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் நெம்பினாள். அது வில்லையாகப் பெயர்ந்து வந்தது. அடியில் ஓர் ஊசித் துளை. துணியால் அதை நன்றாகத் துடைத்துவிட்டு, கைலாசத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"காத்து போற ஓட்டையைத் தொறந்துட்டேன், இனிமே எங்கேயும் நிக்காது, எடுத்துண்டு போங்கோ."