ஒரே தலை, இரண்டு படம்

“இது ஒரே பொம்பளை இல்ல. அக்கா, தங்கச்சி,” என்றார் பூதக்கண்ணாடி, சுவரொட்டியை மூக்கு நுனி வரை கொண்டுபோய்.

சரக்கையும் அதன் விளம்பரத்தையும் சோதித்து முத்திரை போடும் அதிகாரிக்கு அலுவலகம் வைத்த பெயர் அது. பால் வெள்ளையாக இருந்தால் சுண்ணாம்பா என்பார்; காலையில் முகம் பார்க்கும்போது கண்ணாடிக்குள் இருப்பவரிடமே அடையாள அட்டை கேட்பார். முப்பத்தொரு வருடத்தில் ஒரு பொய்கூட அவர் முத்திரையோடு கடைக்குப் போனதில்லை. அந்த முத்திரையைப் பார்த்தால் ஊரே கண்ணை மூடிக்கொண்டு வாங்கும்.

சுவரொட்டியில் இரண்டு படங்கள். இடப்பக்கம் ‘முன்’: எலிவாலாகத் தொங்கும் நாலே நாலு முடி. வலப்பக்கம் ‘பின்’: ஒரு குருவிக் குடும்பம் மூன்று தலைமுறைக்குக் குடியிருக்கலாம், அப்படியொரு சுருட்டைக் காடு.

“வயசானா முடி மெலியும். அது எனக்கே தெரியும்,” என்று தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். “இருபது வயசுல என் தலையில சீப்பு இறங்காது. சுருட்டை நேராச்சு, நேரானது பஞ்சாச்சு, பஞ்சும் பறந்துடுச்சு. அது ஒருவழிப் பாதை. இங்க மட்டும் எப்படி எதிர்ல வண்டி வருது?”

எண்ணெய்க் கம்பெனி முதலாளி கையைக் கட்டிக்கொண்டார். “மயிர்க்கால் வளைஞ்சிருந்தா சுருட்டை சார், நிமிர்ந்திருந்தா நேர்முடி. பிள்ளைப்பேறு, கவலை, வயசு எல்லாம் சேர்ந்து அதை மாத்திடுது, சுருக்கிடுது. நம்ம எண்ணெய் மறுபடி வளைச்சு விடுது.”

“முகத்துலயும் பத்து வயசு குறைஞ்சிருக்கே?”

“தலை நிறைஞ்சா மனசு நிறையும். மனசு நிறைஞ்சா முகம் மலரும்.”

“சரி. முதல் படத்துல முன்பல் பாதி உடைஞ்சிருக்கு, ரெண்டாவதுல முழுசா இருக்கு. பல்லும் எண்ணெய்லதான் முளைச்சுதா?”

முதலாளி சுவரொட்டியை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். “பல் கட்டிக்கிட்டாங்க சார். முடி வந்ததும் வந்த தைரியம்.”

“மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் நல்லாவே முடிச்சுப் போடுறீங்க. ஆளைக் காட்டுங்க.”

ஆள் அடுத்த அறையில்தான் இருந்தாள், புட்டிகளில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு. காதை மூடிய தொப்பி, மூக்கையும் வாயையும் மூடிய துணி. நடுவே இரண்டு கண்கள் மட்டும் திருதிருவென்று விழித்தன.

“தொப்பியைக் கழட்டச் சொல்லுங்க.”

“நிரப்புற அறையில கழட்டக் கூடாது சார். போன வருஷம் புட்டிக்குள்ள முடி கிடந்தப்ப நீங்க எழுதின விதி.”

“அப்போ வெளிய வரச் சொல்லுங்க.”

“மணி அடிக்காம வெளிய வரக் கூடாதுன்னு அதுக்கு அடுத்த வரியிலேயே இருக்கு.”

தன் விதியைத் தானே மீறுவதா? இருந்த இடத்திலேயே, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஆராய்ந்தார். வலக்கண்ணுக்குக் கீழே கடுகளவு மச்சம்; இரண்டு படத்திலும் உண்டு. மையாக இருக்குமோ என்று ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் தேய்த்துப் பார்த்தார். மச்சம் அசையவில்லை, அவள் கண்தான் கலங்கியது. இடப்புருவத்தில் ஒரு சுழி. அதுவும் இரண்டிலும் உண்டு.

படங்களுக்குக் கீழே எழுதியிருந்த ‘முன்’, ‘பின்’ இரண்டையும் கட்டைவிரல்களால் மறைத்துக்கொண்டு நீட்டினார். சாட்சிக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுத்துவிடக் கூடாதல்லவா?

“ரெண்டும் நீங்கதானாம்மா? அக்கா, தங்கச்சி, சித்தி பொண்ணு யாராவது?”

“நான் வீட்டுக்கு ஒரே பொண்ணு சார். ரெண்டும் நானேதான், என் மூணு புள்ளைங்க மேல சத்தியமா.”

பத்துத் தெரு தள்ளி ஒருவன் பொய் சொன்னாலும் பூதக்கண்ணாடிக்குத் தும்மல் வந்துவிடும். இப்போது மூக்கு சும்மா இருந்தது. முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக அவருடைய சந்தேகம் தோற்றுப்போனது.

முத்திரையை ஊதி, சுவரொட்டியின் நடுவில் ‘டம்’மென்று இறக்கினார். முதலாளி அதைப் பச்சைக் குழந்தையாக இரண்டு கையிலும் ஏந்தி, வாசலில் நின்ற அச்சக வண்டியில் ஏற்றினார். வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

திரும்பி வந்தவர் ஒரு புட்டியை நீட்டினார். பூதக்கண்ணாடி இப்படியும் அப்படியும் பார்த்தார். பிறகு பாதிப் புட்டியை அப்படியே தலையில் கவிழ்த்து, காது வரை வழிய வழியத் தேய்த்தார். மனத்துக்குள் இப்போதே அவர் சுருட்டையில் சீப்பு இறங்காமல் சிக்கிக்கொண்டுவிட்டது.

சாப்பாட்டு மணி அடித்தது. நிரப்புகிற அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“கொடுத்து வச்ச தலைம்மா உங்களுக்கு,” என்றார் அவர், எண்ணெய் சொட்டச் சொட்ட. “மெலிஞ்ச முடி மறுபடி படத்துல இருக்கிற மாதிரி சுருண்டு வர எத்தனை மாசமாச்சு?”

முதலாளி அவசரமாக இருமினார். அவள் முகத்துணியை இறக்கிவிட்டுச் சிரித்தாள். முன்பல் பாதிதான் இருந்தது.

“மாத்திச் சொல்றீங்களே சார். சுருட்டை என் கல்யாணத்தப்ப எடுத்தது, மெலிசுதான் போன வாரம்.”